கார் இன்சூரன்ஸ் ரினியூவல்: 18,683, 9,891, 5,741. ஒரே காருக்கு மூன்று தொகை, எதைக் கட்டுவது?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் பதிவான 1197 சிசி பெட்ரோல் கார், 2021 நவம்பரில் வாங்கியது. பாலிசி அடுத்த மாதம் 18-ஆம் தேதி முடிகிறது. இதுவரை ஒரு க்ளெய்மும் போட்டதில்லை. கையில் இருக்கிற பாலிசியில் என்சிபி (க்ளெய்ம் போடாததற்குத் தரும் கழிவு) 35% என்று இருக்கிறது, ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் கவர்) இல்லை. மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது.

அ) ஷோரூம் அனுப்பிய ரினியூவல் நோட்டீஸ். ஐடிவி (கார் மொத்தமாகப் போனால் கிடைக்கும் தொகை) 4,10,000. ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான கட்டணம்) 9,160, என்சிபி 35% கழிவு 3,206. கூடுதல் கவர்கள்: ஜீரோ டெப் 2,460, இன்ஜின் கவர் 820, கன்ஸ்யூமபிள்ஸ் 410, சாவி 450, டயர் 900, காருக்குள் இருக்கும் பொருட்கள் 299, ரோட்சைடு உதவி 199. தர்ட் பார்ட்டி (நம் காரால் பிறருக்கு ஆகும் பாதிப்புக்கு) 3,416, ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீடு 375, சம்பள டிரைவர் 50, பயணிகள் ஐந்து பேருக்கு 500. ஜிஎஸ்டி 18% சேர்த்து 18,683.

ஆ) ஆன்லைன். ஐடிவி 3,60,000. ஓன் டேமேஜ் 4,595, என்சிபி 45% கழிவு 2,068. ஜீரோ டெப் 1,800, இன்ஜின் கவர் 540, ரோட்சைடு உதவி 99. தர்ட் பார்ட்டி 3,416. ஜிஎஸ்டியோடு 9,891.

இ) அதே இணையதளத்தில் வேறொரு கம்பெனி. ஐடிவி 2,95,000. கூடுதல் கவர் எதுவும் கிடையாது. தர்ட் பார்ட்டி 3,416. வாலண்டரி டிடக்டிபிள் (ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்பதாக ஒப்புக்கொள்ளும் தொகை) 7,500 தேர்வாகி இருக்கிறது. ஜிஎஸ்டியோடு 5,741.

வருடம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவாகத்தான் ஓடும். வண்டி நிற்பது வீட்டு கேட்டுக்குள். என் பெயரில் ஒரு ஸ்கூட்டரும் இருக்கிறது, அதன் பாலிசியிலும் ஓனர் டிரைவர் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, எதைக் குறைத்தால் பிற்பாடு கஷ்டம் வராது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரிக்குவரி:

முதலில் நோட்டீஸில் உள்ள தப்பு. 35% என்பது முடியப்போகும் பாலிசிக்கு நீங்கள் வாங்கிய கழிவு. இந்த வருடமும் க்ளெய்ம் இல்லை என்றால் அடுத்த படி 45%. படிகள் 20, 25, 35, 45, 50 என்று ஏறும், 50-க்கு மேல் போகாது. 9,160-இல் விட்டுப்போன 10% 916 ரூபாய், ஜிஎஸ்டியோடு 1,081. அந்த ஒரு வரியைத் திருத்தச் சொன்னாலே அவ்வளவு இறங்கும்.

தர்ட் பார்ட்டி மூன்றிலும் 3,416-ஆக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த அரசுப் பட்டியல் அது: 1000 சிசி வரை 2,094, 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதில் யாரும் தள்ளுபடி தர முடியாது, என்சிபியும் இதைத் தொடாது. பேரம் பேச இடமிருப்பது ஓன் டேமேஜிலும் கூடுதல் கவர்களிலும் மட்டும்தான்.

ஓன் டேமேஜ் கட்டணத்தை 2007 ஜனவரியிலிருந்து கம்பெனிகளே வைத்துக்கொள்கின்றன. ஆனாலும் அதற்கு முன்பிருந்த பழைய பட்டியலின் விகிதத்தில் கணக்கைத் தொடங்கி, அதிலிருந்து தள்ளுபடி காட்டுவதுதான் பலரின் வழக்கம். சென்னை ஏ மண்டலம், கோவை பி மண்டலம். ஐந்து வருடத்துக்குள் இருக்கும் 1000 முதல் 1500 சிசி காருக்கு பி மண்டல விகிதம் 3.191%. உங்கள் நோட்டீஸில் 4,10,000-க்கு அது 13,083 வருகிறது. 9,160 என்றால் தள்ளுபடி சுமார் 30%. ஆன்லைனில் 3,60,000-க்கு 11,488. 4,595 என்றால் 60%. அதே கார், அதே ஊர், இவர் 30 தருகிறார், அவர் 60 தருகிறார். நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுவும், கேட்காமலே ஏற்றிய கூடுதல் கவர்களும்தான்.

இப்போது 'இ'. மலிவாகத் தெரிவதற்கு மூன்று காரணம், மூன்றையும் தனித்தனியாக எடைபோடுங்கள்.

ஐடிவியை 3,60,000-இலிருந்து 2,95,000-ஆக இறக்கியதில், இங்கும் அதே 60% தள்ளுபடி என்றால், ஓன் டேமேஜில் உங்களுக்கு மிச்சம் 830 ரூபாய். 45% என்சிபி போக 457, ஜிஎஸ்டியோடு 539. அதற்குப் பதிலாக, கார் திருடுபோனாலோ மொத்தமாக நொறுங்கினாலோ 65,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கும். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75%-ஐத் தாண்டினால் மொத்த நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். ஐடிவி குறைந்தால் அந்தக் கோடும் 2,70,000-இலிருந்து 2,21,250-க்கு இறங்குகிறது. சரிசெய்து ஓட்டக்கூடிய காரைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டிவரும். நான்கு வருடம் முடிந்த காருக்குப் பட்டியல் தேய்மானம் 50%. ஷோரூம் விலையில் பாதிதான் ஐடிவி, ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் அதில் சேராது. இன்று சந்தையில் உங்கள் கார் என்ன விலை போகுமோ அதை ஒட்டி வையுங்கள், அதற்குக் கீழே இறக்க வேண்டாம்.

வாலண்டரி டிடக்டிபிள் 7,500-க்கு ஓன் டேமேஜில் 30% கழிவு, அதாவது 1,130. அதிலும் 45% என்சிபியில் போய்விடுவதால் கையில் நிற்பது 622, ஜிஎஸ்டியோடு 733. ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் போட வேண்டியது 7,500, அதுவும் எல்லோருக்கும் உள்ள கட்டாயப் பிடித்தம் 1,000 தவிர. பத்து வருடத்துக்கு ஒருமுறைகூட இடிக்காதவருக்குத்தான் லாபம். என்சிபி உயர உயர இந்தக் கழிவின் மதிப்பு பாதியாகத் தேய்வதை இணையதளங்கள் காட்டுவதில்லை.

மூன்றாவது, ஜீரோ டெப் இல்லாதது. அதைப் பட்டறைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னால் தெளிவாக இருக்கும்.

'அ'-வில் சாவி, டயர், பொருட்கள் மூன்றையும் எடுத்துவிடலாம். டயர் கவர் சாதாரணத் தேய்மானத்துக்கும் பஞ்சருக்கும் பொதுவாகத் தராது. சம்பள டிரைவர் 50 ரூபாய் சின்னத் தொகைதான். என்றைக்காவது கூலி கொடுத்து டிரைவர் வைத்து ஊருக்குப் போவீர்கள் என்றால் இருக்கட்டும்.

ஓனர் டிரைவர் காப்பீடு 15 லட்சம். இது வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கு. 2019 ஜனவரியிலிருந்து தனியாகவும் வாங்கலாம், எத்தனை வண்டி இருந்தாலும் ஒன்று போதும். ஸ்கூட்டர் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா, அது எந்தத் தேதி வரை, நாமினி பெயர் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காரில் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஸ்கூட்டர் பாலிசி காலாவதியான அன்று இந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. படிவத்தில் 'தர்ட் பார்ட்டி சொத்து சேதம் 6,000 மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்தால் 100 ரூபாய் குறையும். தயவுசெய்து செய்யாதீர்கள். அதைத் தொடாவிட்டால் எதிர் வண்டிக்கும் சுவருக்கும் 7.5 லட்சம் வரை கம்பெனி தரும். டிக் செய்துவிட்டு ஒரு சொகுசுக் காரின் பின்பக்கம் இடித்தால், 6,000-க்கு மேல் எல்லாம் உங்கள் வீட்டுப் பணம்.

பட்டறைப்பக்கம்:

ஜீரோ டெப் கணக்கு நான் சொல்கிறேன். பாலிசியில் பாகத்துக்குப் பாகம் தேய்மானம் வேறு. பிளாஸ்டிக், ரப்பர், நைலான், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் காரின் வயது என்னவானாலும் 50%. ஃபைபர் 30%. கண்ணாடிக்குத் தேய்மானமே இல்லை. இரும்பு, அலுமினியம் போன்ற உலோகப் பாகம் வயதைப் பொறுத்தது: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம் வரை 5%, இரண்டுக்கு 10%, மூன்றுக்கு 15%, நான்குக்கு 25%, ஐந்துக்கு 35%, பத்து வரை 40%, அதற்கு மேல் 50%. உங்கள் கார் இந்த ரினியூவலோடு 35% கட்டத்துக்குப் போகிறது.

முன்பக்கம் ஒரு நடுத்தர இடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் 4,200, ஹெட்லைட் இரண்டு 11,000, கிரில் 1,800: பிளாஸ்டிக் 17,000. பானெட் 8,500, ஃபெண்டர் 3,500, ஏசி கண்டென்சர் 9,000: உலோகம் 21,000. பெயின்டிங் 9,000, லேபர் 7,000. ஜிஎஸ்டி இல்லாமல் 54,000.

ஜீரோ டெப் இல்லையென்றால் பிளாஸ்டிக்கில் 8,500, உலோகத்தில் 7,350 போகும். பெயின்டிங் பில்லை ஒரே தொகையாகப் போட்டால் அதில் 25%-ஐப் பெயின்ட் பொருளின் விலை என்று எடுத்துக்கொண்டு, அதில் பாதி கழிப்பார்கள், 1,125 போகும். லேபரில் கழிவு கிடையாது. ஆக தேய்மானம் 16,975, கட்டாயப் பிடித்தம் 1,000, உங்கள் கைக்காசு 17,975. ஜீரோ டெப் இருந்தால் அந்த 1,000-ம், எண்ணெய், கூலன்ட், ஏசி கேஸ், கிளிப், நட்டு போல்ட்டும் மட்டும். கடைசியில் சொன்னவைதான் கன்ஸ்யூமபிள்ஸ். முன்பக்க இடியில் கண்டென்சர் போனால் கேஸ் நிரப்ப வேண்டும், அதனால் அந்தக் கவரை முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 410 கொடுக்கும் அளவுக்கு இந்தக் காருக்கு அவசியமில்லை.

'ஆ'-வில் ஜீரோ டெப் 1,800-ம் ஜிஎஸ்டியும் சேர்த்து 2,124. இன்றைய கார்களில் முன்பக்கம் தொட்டால் எல்லாம் பிளாஸ்டிக்தான். ஐந்து வருடம் வரை எடுங்கள் என்பதே என் கருத்து. அதன் பிறகு பல கம்பெனிகள் தருவதில்லை, தந்தாலும் விலை ஏறிவிடும். வருடத்துக்கு இரண்டு க்ளெய்ம்தான் என்று பெரும்பாலும் வரம்பு இருக்கும், பாலிசித் தாளில் பாருங்கள்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய பாலிசியில் ஜீரோ டெப் இல்லை என்கிறீர்கள். புதிதாகச் சேர்த்தால் பல கம்பெனிகள் வண்டியைப் பரிசோதிக்கச் சொல்லும். ஆப்பில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

நொய்யல்கரை:

மிக்க நன்றி. பரிசோதனை என்றதும் கவலை வந்துவிட்டது. பின் பம்பரில் போன வாரம் விழுந்த விரிசல் ஒன்று இருக்கிறது. எஸ்டிமேட்: பம்பர் 4,200, பெயின்டிங் 3,600, லேபர் 1,400, கிளிப் 150. இடது முன் கதவில் பழைய கீறலும் உண்டு. பாலிசி முடியும் முன் இரண்டையும் சேர்த்து க்ளெய்ம் போட்டுவிடலாமா?

வரிக்குவரி:

போட வேண்டாம். காரணம் கணக்கில் இருக்கிறது.

கையில் இருப்பது ஜீரோ டெப் இல்லாத பாலிசி. கார் இன்னும் நான்கு வருடத்தைத் தாண்டவில்லை, ஆனால் பிளாஸ்டிக்குக்கு வயது பொருட்டில்லை. பம்பரில் 2,100 கிடைக்கும், பெயின்டிங்கில் 3,150, லேபர் 1,400. கூட்டினால் 6,650, அதில் 1,000 பிடித்தம். கைக்கு வருவது 5,650.

இழப்பது என்ன? க்ளெய்ம் போட்டால் என்சிபி 35-இலிருந்து ஒரு படி இறங்குவதில்லை, நேராகப் பூஜ்யம். க்ளெய்ம் இல்லாவிட்டால் வரும் வருடங்களில் 45, 50, 50, 50, 50. போட்டால் 0, 20, 25, 35, 45. வருடவாரியாகக் கழித்தால் 45, 30, 25, 15, 5, மொத்தம் 120. ஆக, ஒரு வருட ஓன் டேமேஜ் கட்டணத்தைப் போல் 1.2 மடங்கு ஐந்து வருடத்தில் போகிறது. 4,595-க்கு 5,514, ஜிஎஸ்டியோடு 6,507. வருடாவருடம் ஐடிவி இறங்குவதால் கொஞ்சம் குறையலாம். ஆனால் க்ளெய்ம் போட்டவருக்கு அந்த 60% தள்ளுபடி அப்படியே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 50-ஆகக் குறைந்தாலே முதல் வருடத்தில் 1,149 ஏறும்.

இந்தக் கூட்டுத்தொகையை நினைவில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சின்ன இடிக்கும் யாரையும் கேட்க வேண்டாம். இப்போது 20%-இல் இருப்பவருக்கு அது 80, அதாவது 0.8 மடங்கு. 35%-இல் இருப்பவருக்கு 120. 45 அல்லது 50-இல் இருப்பவருக்கு 125. உங்கள் ஓன் டேமேஜ் கட்டணத்தை, என்சிபி கழிக்கும் முன் உள்ள தொகையை, அந்த விகிதத்தால் பெருக்கி ஜிஎஸ்டி சேருங்கள். பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை அதைத் தாண்டினால் மட்டும் க்ளெய்ம்.

பட்டறைப்பக்கம்:

இரண்டையும் சேர்த்துப் போடவும் முடியாது. பின் பம்பர் ஒரு சம்பவம், முன் கதவு வேறு சம்பவம். சர்வேயர் (கம்பெனி அனுப்பும் சேத மதிப்பீட்டாளர்) துருவையும் அழுக்கையும் பார்த்தே எது பழசு, எது புதுசு என்று சொல்லிவிடுவார். இரண்டு க்ளெய்ம், இரண்டு தடவை 1,000 பிடித்தம். ஒரே இடியில் இரண்டும் ஆனது என்று எழுதிக் கொடுத்தால் மொத்தத்தையும் நிராகரிக்க அவர்களுக்கு வழி கொடுத்தது மாதிரி.

பம்பரை வெளியில் மாற்றுங்கள். விரிசல் ஓரத்தில் இருந்தால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து பெயின்ட் அடிக்கலாம், புது பம்பர் விலை மிச்சம். பார்க்கிங் சென்சார் துளை, பிராக்கெட் காது இரண்டும் உடைந்திருந்தால் வெல்டிங் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். அதன் பிறகு பரிசோதனைக்கு வண்டியைக் காட்டுங்கள். சரிசெய்யாமல் காட்டினால் பின் பம்பர் பழைய சேதம் என்று குறித்துவிடுவார்கள், நாளைக்கு உண்மையிலேயே அங்கே இடி வாங்கினாலும் பம்பருக்குப் பணம் வராது. வேலை முடிந்த பில்லையும் தேதியோடு போட்டோவையும் வைத்திருங்கள்.

கரைமேடு:

இன்ஜின் கவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 540 ரூபாய்க்கு அதை விட்டுவிடாதீர்கள். நல்ல மழை பெய்தால் லங்கா கார்னரிலும் கிக்கானி சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நிற்பது கோவைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்ற இடத்திலேயே முழுகிய கார்கள் ஏராளம்.

சாதாரண முழு பாலிசியிலேயே வெள்ளச் சேதம் உண்டு. சீட், கார்பெட், வயரிங் எல்லாம் அதில் வரும். தகராறு வருவது இன்ஜினில். தண்ணீர் ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், காற்று அமுங்குவது போல் தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கே உடையும். வெள்ளம் நேரடியாகச் செய்த சேதம் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று சொல்லி கம்பெனி இன்ஜின் பில்லை ஒதுக்கிவிடும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் இன்ஜின் கவர்.

கவர் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். ஓடும்போது தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது, தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். தண்ணீர் வடிந்து பானெட் திறக்க முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காருக்கு வெளியிலும் உள்ளேயும் தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி போட்டோ எடுங்கள், நம்பர் பிளேட் படத்தில் வரட்டும். அன்றே கம்பெனிக்குச் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். கயிறு கட்டி இழுக்காமல் வண்டியைத் தூக்கி ஏற்றிப் போகும் லாரியில் அனுப்புங்கள், ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இது கட்டாயம். பட்டறையில் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். சர்வேயர் பார்க்கும் முன் இதில் எதையும் பிரிக்க விடாதீர்கள்.

காந்திபுரம்_65:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் காரில் எல்பிஜி கிட் வெளியில் போட்டது. பாலிசியில் அதைக் காட்டினால் பிரீமியம் கூடும் என்று கடைக்காரர் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

வரிக்குவரி:

காட்டுங்கள், அண்ணா. கூடுவது சொற்பம்: பழைய பட்டியல்படி கிட் விலையில் 4% ஓன் டேமேஜில், தர்ட் பார்ட்டியில் 60 ரூபாய். 30,000 ரூபாய் கிட் என்றால் 1,200-ம் 60-ம், தள்ளுபடி போனால் இன்னும் குறையும். அதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புக்கில் எரிபொருள் வகையை மாற்றியிருக்க வேண்டும். அங்கே பெட்ரோல் என்றே இருந்து, டிக்கியில் சிலிண்டர் இருந்தால், தீப்பிடித்த அன்று க்ளெய்ம் நிற்காது. சொல்லாமல் மிச்சம் பிடிப்பவற்றில் மிக ஆபத்தானது இதுதான்.

மூன்றாம்நபர்:

கேட்டவருக்கு இரண்டு விஷயம்.

பயணிகள் 500 ரூபாயைப் பற்றி. அது ஆளுக்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. வீட்டில் எல்லோருக்கும் தனி விபத்து பாலிசி இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் செலவைக் குறைக்கிறேன் என்று வெறும் தர்ட் பார்ட்டி பாலிசிக்குப் போய்விடாதீர்கள். அது சாலையில் இருப்பவர்களுக்கானது. தனியார் காரில் உங்களோடு சும்மா வருபவர் அடிபட்டால், அந்த பாலிசியின் கீழ் இழப்பீடு கேட்பது சிக்கலாகும். முழு பாலிசியில் காருக்குள் இருப்பவர்களுக்கான உங்கள் பொறுப்பும் அடங்கும்.

அடுத்தது வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடுவது. கல்யாணம், ஏர்போர்ட் என்று தெரிந்தவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டினாலும் தனியார் உபயோகம் என்ற நிபந்தனை மீறப்படுகிறது. ஓன் டேமேஜ் போகும். தர்ட் பார்ட்டியிலும் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வழக்குப் போடலாம். லைசென்ஸ் காலாவதியானவர் ஓட்டினாலும் இதே கதி. வீட்டில் ஓட்டுகிற எல்லோருடைய லைசென்ஸ் தேதியையும் இன்றே பாருங்கள்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஷோரூமில் பேசினேன். என்சிபியை 45 ஆக்கி, தள்ளுபடியை 50% ஆக்கி, வேண்டாத கவர்களை எடுத்துவிட்டார்கள். புதுக் கணக்கு: ஐடிவி 3,80,000. ஓன் டேமேஜ் 6,063, என்சிபி கழிவு 2,728. ஜீரோ டெப் 2,280, இன்ஜின் கவர் 760, தர்ட் பார்ட்டி 3,416. ஜிஎஸ்டியோடு 11,553. ஆன்லைன் 'ஆ'-வைவிட 1,662 அதிகம். இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்களே, ஏன் போடுகிறீர்கள் என்றும் கேட்டேன், சரியான பதில் வரவில்லை.

வரிக்குவரி:

ஜிஎஸ்டியில் அவர்கள் தப்பு செய்யவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வரி நீங்கியது தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும். கார் பாலிசிக்கு 18% அப்படியே இருக்கிறது.

18,683 கேட்டவர்கள் 11,553-க்கு வந்துவிட்டார்கள். மிச்சமுள்ள 1,662-க்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். 20,000 ரூபாய் கூடுதல் ஐடிவி ஒன்று. இன்னொன்று அவர்கள் பட்டறையில் கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே பட்டறைக்கு நேராகப் பணம் கட்டுவது. 'ஆ' கம்பெனிக்கும் அதே பட்டறையில் கேஷ்லெஸ் இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தின் பட்டியலில் பார்ப்பதோடு நிற்காமல், பட்டறை கவுன்டரிலும் கேளுங்கள். பட்டியலில் இருந்தும் நேரில் மறுக்கும் இடங்கள் உண்டு. அங்கே சரி என்றால் நான் 'ஆ'-வைத்தான் எடுப்பேன். ரோட்சைடு உதவியும் அதில் 99-க்கு வருகிறது. அங்கே இல்லை என்றால், முதலில் நீங்கள் பணம் கட்டிப் பிறகு திரும்பப் பெற வேண்டும். 50,000 ரூபாய் பில்லை அப்படிக் கட்டக் கையில் இருக்காது என்றால் ஷோரூம் பாலிசியே நிம்மதி.

கம்பெனி மாறினாலும் என்சிபி உங்களோடு வரும். அது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். இந்தக் காரை விற்றுப் புதுசு வாங்கும்போது, ஆர்சி பெயர் மாறிய ஆதாரத்தைக் கொடுத்துப் பழைய கம்பெனியிடம் என்சிபி கடிதம் வாங்குங்கள். மூன்று வருடம் செல்லும். புதுக் காரில் ஓன் டேமேஜ் 25,000 என்றால் 45%-க்கு 11,250 மிச்சம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் படிவத்தில் இல்லாத என்சிபியை அடித்துவிடாதீர்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்கும், பொய் என்று தெரிவது க்ளெய்ம் சமயத்தில்தான்.

தேதி முக்கியம். 18-ஆம் தேதி நள்ளிரவோடு பழையது முடிந்தால், புதியது 19 அன்று 00:00 மணிக்குத் தொடங்க வேண்டும். பம்பர் வேலை, வீடியோ பரிசோதனை எல்லாம் முடித்துப் பத்து நாள் முன்பே பணம் கட்டிவிடுங்கள். ஒரு நாள் விட்டாலும் மறுபடி பரிசோதனை, 90 நாள் விட்டால் என்சிபி முழுதும் போச்சு. இடையில் காப்பீடு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அந்த இடைவெளியில் யாராவது அடிபட்டால் தீர்ப்பாயம் சொல்லும் தொகை உங்கள் சொத்திலிருந்து போகும். அபராதத்தை விடப் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பட்டறைப்பக்கம்:

பாலிசி மெயிலில் வந்ததும் ஆர்சி புக்கை பக்கத்தில் வைத்து சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயர், சிசி, தயாரிப்பு வருடம், என்சிபி 45, கடன் இருந்தால் வங்கிப் பெயர், ஜீரோ டெப் என்ற வரி, இவையும். தப்பு இருந்தால் அன்றே மெயில் அனுப்பித் திருத்துங்கள். க்ளெய்ம் வந்த பிறகு திருத்தினால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சில நாளில் அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் புதுத் தேதி ஏறிவிடும். ஏறாவிட்டால் கம்பெனியைக் கேளுங்கள்.

மூன்றாம்நபர்:

க்ளெய்ம் தகராறு வந்தால்: முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர் அதிகாரி). தமிழ்நாட்டுக்கு அதுதான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை உத்தரவிடலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதனால் போனில் பேசியதோடு விடாமல் எல்லாவற்றையும் மெயிலில் வாங்கி வையுங்கள்.

நொய்யல்கரை:

பட்டறைக் கவுன்டரில் கேட்டேன், 'ஆ' கம்பெனிக்கு அங்கே கேஷ்லெஸ் உண்டு என்று மெயிலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிராக்கெட் காது உடையவில்லை, பம்பர் வெல்டிங்குக்குப் போயிருக்கிறது. சனிக்கிழமை வீடியோ பரிசோதனை. ஸ்கூட்டர் பாலிசியில் நாமினி இடம் காலியாக இருந்தது, அதையும் நிரப்பச் சொல்லி எழுதிவிட்டேன்.